இனப்படுகொலை நினைவிடத்துக்குச் சுற்றுலாப் பயணியாகப் போவது சரியா? குற்ற உணர்வு வராதா?

போகலாம். நீங்கள் டிக்கெட் எடுத்து முடித்துவிட்டீர்கள், "மண்டையோட்டைப் பார்க்கவா இவ்வளவு செலவு?" என்று வீட்டில் யாரோ கேட்டுவிட்டார்கள், அதனால்தான் இந்தக் கேள்வி என்று நினைக்கிறேன். என்னையும் கேட்டார்கள்.

நான் கம்போடியாவுக்குப் போனது 2019-இல், ஒரு சுற்றுலா நிறுவனத்தின் குழுவோடு. நோம் பென் நகரில் துவோல் ஸ்லெங் சிறைக்கு 40 நிமிடம், பட்டுத்துணிக் கடைக்கு 2 மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கமிஷன் வாங்குகிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு விளங்கும். அதைக் கேட்டதற்கு எங்கள் வழிகாட்டி முகம் கொடுத்தே பேசவில்லை. ரத்தான ஒரு நாளைக்குத் திருப்பித் தருவதாகச் சொன்ன பணம் இன்றுவரை வரவில்லை. சரி, அது வேறு கதை.

துவோல் ஸ்லெங் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. 1975 முதல் 1979 வரை கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி அதைச் சித்திரவதைச் சிறையாக்கியது. கைதிகள் குதித்துச் சாகாமலிருக்க மாடித் தாழ்வாரத்தில் அடித்த முள்கம்பி வலை இன்னும் இருக்கிறது. 40 நிமிடத்தில் அதைத் தாண்டி எதுவும் மனதில் நிற்கவில்லை. மறுநாள் குழு பட்டுக் கடைக்குப் போனது. நான் மட்டும் டுக்-டுக் பிடித்து, நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சோயுங் ஏக் கொலைக்களத்துக்குப் போனேன். ஓட்டுநர் 20 டாலர் கேட்டார். பேரம் பேசி 15 ஆக்கினேன்; அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"அது இனப்படுகொலையே இல்லை, அரசியல் கொலை" என்று பாடம் எடுக்க வருபவர்களுக்கு: கம்போடியாவிலிருந்த வியட்நாமியருக்கும் சாம் என்ற சிறுபான்மை முஸ்லிம்களுக்கும் நடந்ததை இனப்படுகொலை என்றே, கெமர் ரூஜ் தலைவர்களை விசாரித்த தீர்ப்பாயம் 2018-இல் சொன்னது. மற்ற லட்சக்கணக்கான சாவுகளுக்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

முந்தைய இரவு மழை. அங்கே மழை பெய்தால் புதைகுழி மண்ணிலிருந்து எலும்புத் துண்டும் துணியும் மேலே வரும். பாதையோரத்தில் ஒரு நீலத் துணியின் ஓரம் தெரிந்தது. உள்ளங்கை அகலம்தான், தையல்கூடப் பிரியவில்லை. இன்னும் ஓர் அடி தள்ளி வைத்திருந்தால் மிதித்திருப்பேன். குழந்தைகளை மோதிக் கொன்ற மரத்தில், வந்தவர்கள் கட்டிய வண்ணக் கயிறுகள். கண்ணாடி போட்டிருந்தாலே படித்தவன், அதனால் எதிரி என்று சந்தேகித்த ஆட்சி அது. நான் ஏழு வயதிலிருந்து கண்ணாடி போடுகிறேன்.

ஆனாலும் கூச்சம் அங்கே வரவில்லை, வெளியே வந்த பிறகுதான் வந்தது. நீங்கள் கேட்டதற்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான். ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே தூளி கட்டிப் படுத்திருந்தார். திரும்பும் வழியில் வயதைக் கேட்டேன். 1966-இல் பிறந்தாராம். கெமர் ரூஜ் நோம் பென்னைக் காலி செய்து மக்களை நடக்கவிட்ட 1975 ஏப்ரல் 17 அன்று அவருக்கு எட்டோ ஒன்பதோ. அதற்குமேல் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. துப்பாக்கி சுடும் இடம் ஒன்று இருக்கிறது, போகலாமா என்று மட்டும் கேட்டார். வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கேயும் போவார்களாம்.

இறங்கியதும் 20 டாலர் தாளை நீட்டினேன். பேசியது 15 என்று 5 டாலரைத் திருப்பித் தந்தார். வேண்டாம் என்றேன். (குற்ற உணர்வைக் காசு கொடுத்துக் கழுவினாயா என்று கேட்பீர்கள். ஆமாம், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.) அவர் சற்று யோசித்தார். அப்படியானால் நாளை விமான நிலையத்துக்கும் தன்னையே கூப்பிட வேண்டும் என்று தன் எண்ணை எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் குழுவின் பஸ்ஸில்தான் போனேன்.