ஆல்ஃபா 0.58 வந்தால் கூற்றுகளை நீக்கிவிடலாமா?

கேள்வி: நான் உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வேலை சார்ந்த மன அழுத்தத்தை அளக்கும் ஆங்கில வினாப்பட்டியல் ஒன்றை உரிய அனுமதி பெற்றுத் தமிழாக்கினேன். அதில் பத்துக் கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். முன்னோட்டமாக 60 பேரிடம் கொடுத்ததில் குரோன்பாக் ஆல்ஃபா (கூற்றுகள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.58தான் வந்தது. 4, 7, 9 ஆகிய மூன்று கூற்றுகளையும் எடுத்துவிட்டால் 0.74 ஆகிறது. 0.7 தாண்டினால் போதும் என்கிறார்கள். அவற்றை நீக்கிவிட்டு முதன்மை ஆய்வுக்குப் போகலாமா? (கூற்றுகளை இணைத்துள்ளேன்.)

பதில்: இப்போதைக்கு எதையும் நீக்காதீர்கள். உங்கள் பட்டியலைப் படித்தேன். நீங்கள் நீக்க நினைக்கும் மூன்று கூற்றுகளும் 'இல்லை' என்று முடிகின்றன. மற்ற ஏழில் ஒன்றுகூட அப்படி முடியவில்லை. இது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு.

முதலில் தரவுக் கோப்பைத் திறந்து மதிப்பெண்ணைத் திருப்பிய (அதாவது 5ஐ 1 ஆகவும் 1ஐ 5 ஆகவும் மாற்றிய) இடத்தைச் சரிபாருங்கள். ஐந்து புள்ளி அளவில் திருப்ப வேண்டிய கூற்றுக்கு 6லிருந்து விடையைக் கழிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் எதைத் திருப்புவது என்பதில்தான் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் 4ஆம் கூற்று: 'வேலை முடிந்த பிறகும் அதைப் பற்றிய நினைப்பு என்னை விடுவதில்லை.' இலக்கணப்படி இது எதிர்மறை வாக்கியம். ஆனால் இதற்கு 'ஆம்' என்பவருக்கு அழுத்தம் அதிகம். எனவே இதைத் திருப்பக் கூடாது. 7ஆம் கூற்று: 'வேலையை நினைத்து நான் கவலைப்படுவதில்லை.' இதற்கு 'ஆம்' என்பவருக்கு அழுத்தம் குறைவு. இதைத் திருப்பியே ஆக வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி முடிவதால், 'இல்லை'யைப் பார்த்ததும் இரண்டையும் சேர்த்துத் திருப்பிவிடுவது மிக எளிதாக நடக்கிற தவறு. 4ஆம் கூற்றில் இது நடந்திருந்தால் அதைச் சரிசெய்தாலே ஆல்ஃபா கணிசமாக ஏறும்.

அது சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது எண்களே ஒரு துப்புத் தருகின்றன. ஆல்ஃபா என்பது கூற்றுகளுக்கு இடையிலான சராசரி ஒட்டுறவும் (ஒன்றின் விடை ஏறும்போது மற்றதன் விடையும் எவ்வளவு சேர்ந்து ஏறுகிறது என்ற அளவு) கூற்றுகளின் எண்ணிக்கையும் சேர்ந்து உருவாகும் எண். பத்துக் கூற்றுகளில் 0.58 என்றால் சராசரி ஒட்டுறவு சுமார் 0.12. ஏழு கூற்றுகளில் 0.74 என்றால் சுமார் 0.29. இந்த இரண்டும் ஒரே தரவில் வர வேண்டுமானால், அந்த மூன்று கூற்றுகளுக்கும் மற்ற ஏழுக்கும் உள்ள ஒட்டுறவு பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்க முடியும். வெறுமனே பலவீனமான கூற்று என்றால் 0.1, 0.15 என்று சிறிய நேர் ஒட்டுறவாவது காட்டும். பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்றால், விடை தந்தவர்களில் ஒரு பகுதியினர் அந்தக் கூற்றுகளை நேர்மாறாகப் படித்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

ஏன் அப்படிப் படிக்கிறார்கள்? தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. எதிர்மறையும் அதன் வாலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேகமாகப் படிப்பவர் 'வேலையை நினைத்து நான் கவலைப்படு...' வரை வந்ததுமே மனத்துக்குள் விடையை முடிவு செய்துவிடுவார். அப்படியே முழுவதும் படித்தாலும், எதிரே இருக்கும் விடை 'உடன்படவில்லை'. 'கவலைப்படுவதில்லை' என்பதோடு 'உடன்படவில்லை' என்றால் கவலைப்படுகிறேன் என்று பொருள். இந்த இரட்டை எதிர்மறையை ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்க்கும் பொறுமையை யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. 'ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி' என்று அளவை மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்: 'கவலைப்படுவதில்லை', 'ஒருபோதும் இல்லை' என்ற இரண்டையும் சேர்த்து என்னவென்று எடுத்துக்கொள்வது?

எனவே நீங்கள் செய்ய வேண்டியது எட்டுப் பத்துப் பேரோடு தனித்தனியாக உட்காருவதுதான். முதன்மை ஆய்வில் யாரிடம் கேட்கப்போகிறீர்களோ அதே வகை மனிதர்களாக இருக்கட்டும். கூற்றை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 'இது என்ன கேட்கிறது? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். விடையைக் குறித்த பிறகு 'ஏன் இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்று கேளுங்கள். விளக்கம் சொல்லி உதவாதீர்கள், திருத்தாதீர்கள். சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், அறுபது பேரின் எண்கள் சொல்லாததை ஆறு பேரின் பேச்சு சொல்லிவிடுகிறது. 'கவலையே இல்லை' என்று வாயால் சொல்லிக்கொண்டே 'உடன்படவில்லை' என்பதில் டிக் போட்டவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அப்படியே இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் 2ஆம் கூற்றில் 'மன அழுத்தம்' என்ற சொல்லே வருகிறது. வேலைப் பளுவால் வரும் இறுக்கத்தைச் சிலர் இந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். மனச்சோர்வு நோயைச் சிலர் இதே சொல்லால் குறிக்கிறார்கள். இரண்டாவது பொருளில் எடுத்துக்கொள்பவர், உண்மையில் இறுக்கம் இருந்தாலும் தயங்கித்தான் விடை தருவார். மூலத்தை மொழிபெயர்த்து, வேறொருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவது நல்ல நடைமுறைதான். 1970இல் பிரிஸ்லின் என்ற ஆய்வாளர் அதை முறைப்படுத்தி எழுதியதிலிருந்து பரவலாகப் பின்பற்றப்படுகிறது. ஆனால் இந்தச் சோதனையில் இருவருமே இருமொழி தெரிந்தவர்கள். விடை தருபவர் தலைக்குள் அந்தச் சொல் என்னவாகிறது என்பது அதில் தெரியாது.

சரி, 0.7 என்ற எண்ணுக்கு வருவோம். ஆய்வேடுகளில் அது விதி போலத் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. நன்னலி என்ற உளவியலாளர் தன் அளவியல் பாடநூலின் 1967 பதிப்பில், தொடக்கநிலை ஆய்வுக்கு 0.5, 0.6 போதும் என்றார். 1978 பதிப்பில் அதை 0.7 ஆக்கினார். அதே இடத்தில், தனி மனிதரைப் பற்றி முக்கிய முடிவெடுக்கும் சோதனைக்கு 0.9 கூடக் குறைந்தபட்சம்தான் என்றும் எழுதியிருக்கிறார். எதற்காக அளக்கிறோம் என்பதைப் பொறுத்ததுதான் எது போதும் என்பது.

இன்னொரு பக்கம், ஆல்ஃபா உயர்ந்திருப்பதும் தனியாக எதையும் நிரூபிக்காது. உங்கள் பத்துக் கூற்றுகளோடு அதே அளவு மோசமான இன்னும் பத்தைச் சேர்த்தால், சராசரி ஒட்டுறவு 0.12 ஆகவே இருந்தாலும் ஆல்ஃபா 0.73 ஆகிவிடும். இன்னும் ஒரு கணக்கு: ஐந்து கூற்றுகள் ஒரு பண்பையும் ஐந்து கூற்றுகள் அதோடு சம்பந்தமே இல்லாத வேறொரு பண்பையும் அளக்கின்றன, குழுவுக்குள் ஒட்டுறவு 0.6, குழுக்களுக்கு இடையே பூஜ்யம். இந்தப் பத்துக்கும் சேர்த்து ஆல்ஃபா 0.78. ஒரே பண்பை அளக்கிறோம் என்பதற்கு ஆல்ஃபாவைச் சான்றாகக் காட்டுவது ஏன் தவறு என்பது இதிலிருந்தே புரியும். அதற்குக் காரணிப் பகுப்பாய்வு செய்ய வேண்டும் (எந்தக் கூற்றுகள் ஒரு குழுவாகச் சேர்கின்றன என்று அது காட்டும்). கூடவே, ஆல்ஃபாவைப் போலவே நம்பகத்தன்மையைக் காட்டும் ஒமேகா கெழுவையும் தாருங்கள். 1951இல் ஆல்ஃபாவைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதிய குரோன்பாக்கே, அவர் மறைந்த பிறகு 2004இல் வெளியான கட்டுரையில், பெரும்பாலான தரவுகளை ஆராய ஆல்ஃபாவை மிகப் பொருத்தமான வழியாகத் தான் இப்போது கருதவில்லை என்று எழுதியிருக்கிறார்.

நீக்குவதில் இருக்கும் மற்ற இழப்புகளையும் யோசியுங்கள். பத்துக் கூற்றுக்கு வகுத்த வெட்டுப்புள்ளிகளை (அழுத்தம் அதிகமா குறைவா என்று பிரிக்கும் எல்லை மதிப்பெண்களை) ஏழு கூற்றுக்குப் பயன்படுத்த முடியாது. மற்ற நாடுகளின் ஆய்வுகளோடு சராசரியை ஒப்பிடவும் முடியாது. தவிர, ஒரு தரவைப் பார்த்துக் கூற்றுகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதே தரவில் வந்த 0.74ஐ அறிக்கையில் போடுவது நியாயமில்லை. அந்த எண்ணில் அந்த அறுபது பேரின் தற்செயலும் கலந்திருக்கிறது. அறுபது பேர் என்றால் உங்கள் 0.58இன் 95 விழுக்காடு நம்பக இடைவெளியே (உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு) ஏறத்தாழ 0.41 முதல் 0.72 வரை நீள்கிறது.

அதற்காக 0.58ஐ அப்படியே விட்டுவிடவும் சொல்லமாட்டேன். அதன் விலை பெரியது. அழுத்தத்துக்கும் தூக்கத்தின் தரத்துக்கும் உண்மையான ஒட்டுறவு 0.5 என்று வையுங்கள். தூக்க அளவியின் நம்பகத்தன்மை (ஆல்ஃபா மதிப்பிட முயல்வது இதைத்தான்) 0.8, உங்களுடையது 0.58 என்றால், கையில் கிடைப்பது சுமார் 0.34தான். இப்படித் தேய்வதை உளவியலாளர் ஸ்பியர்மன் 1904லேயே காட்டிவிட்டார்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். மதிப்பெண் திருப்பலைச் சரிபாருங்கள். பேசிக் கேளுங்கள். அப்புறம் கூற்றுகளை மாற்றி எழுதுங்கள். 'நினைப்பு என்னை விடுவதில்லை' என்பதை 'நினைப்பு வந்துகொண்டே இருக்கிறது' என்றாக்கலாம். 'கவலைப்படுவதில்லை' என்பதை 'வேலையை நினைக்கும்போது மனம் நிம்மதியாக இருக்கிறது' என்றாக்கலாம். திருப்ப வேண்டிய கூற்றாகவே அது இருக்கும், ஆனால் வாலில் 'இல்லை' இருக்காது. கவலையின்மையும் நிம்மதியும் முழுக்க ஒன்றல்ல என்பதால், மாற்றங்களை மூல வினாப்பட்டியலின் உரிமையாளருக்கு அனுப்பி ஒப்புதல் பெறுங்கள். பிறகு புதிய ஆட்களிடம் கொடுங்கள். முடிந்தால் 200 பேருக்குக் குறையாமல். அவர்களில் ஒரு பகுதியினரிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். அதன் பிறகும் ஒரு கூற்று ஒட்டாமல் நின்றால், காரணத்தோடு நீக்குங்கள். பத்துக்கும் ஒன்பதுக்கும் தனித்தனி முடிவுகளைத் தாருங்கள்.

தேர்வாளர் என்ன சொல்வாரோ என்று பயப்பட வேண்டாம். முதல் முயற்சியில் 0.58 வந்ததையும், ஏன் வந்தது என்று நீங்கள் கண்டுபிடித்ததையும் ஆய்வேட்டில் ஒரு தனிப் பகுதியாக எழுதுங்கள். தமிழில் அடுத்து ஒரு வினாப்பட்டியலை மொழிபெயர்ப்பவருக்கு மிகவும் உதவப்போவது அந்தப் பக்கங்கள்தான்.