நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை: கேள்வி பதில்

பிரவுன் சுகர் (ஹெராயின்) பழக்கத்தை விட என் மகன் புப்ரெநார்ஃபின் என்ற மாத்திரை எடுக்கிறான். ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டான் என்கிறார்கள் உறவினர்கள். (ஒரு தாய்)

அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் அம்மா. பிரவுன் சுகர் இறங்கினால் சில மணி நேரத்தில் மூக்கு ஒழுகும், வயிறு கலங்கும், கை கால் முறுக்கும். மறுபடி அதைத் தேடி ஓட வேண்டும். இந்த மாத்திரை மூளையில் அதே இடத்தில் போய் உட்கார்ந்தாலும் ஓரளவுக்குத்தான் தூண்டும், ஒருநாள் முழுக்கத் தாங்கும். வேலைக்குப் போகிறானா, வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறானா, அதைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2005லேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

முதல் மாத்திரை போட்டதும் உடம்பு முன்பைவிட மோசமாகிவிட்டது. ஏன்?

கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள் தம்பி. ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே போட்டால், அதைத் தள்ளிவிட்டு இது உட்காரும். போதை இறங்கும்போது வரும் வேதனை எல்லாம் ஒரேயடியாக வந்து அடிக்கும். பொதுவாக 12 மணி நேரமாவது போய், கொட்டாவியும் வியர்வையும் தொடங்கிய பிறகுதான் முதல் மாத்திரை. அதை விழுங்கவும் கூடாது, நாக்குக்கு அடியில் கரைய வேண்டும்.

கணவர் மூன்று மாதமாக நன்றாக இருக்கிறார். நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். நான் மிகவும் பயப்படுவது இந்த அவசரத்துக்குத்தான். நன்றாக இருப்பது மருந்தால்தான். நிறுத்திய பிறகு உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். என்றோ ஒருநாள் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். பிரான்சில் 1995இல் சாதாரண குடும்ப மருத்துவர்களே இதை எழுதித்தர வழி செய்தார்கள். நான்கே ஆண்டில், போதைப்பொருளை அளவு மீறி எடுத்ததால் வரும் சாவுகள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன. வருடக்கணக்கில் எடுத்தாலும் தப்பில்லை. குறைப்பதென்றால் டாக்டர் சொல்படி, மெதுவாக, உங்கள் கணவரே விரும்பும்போது.

பல் கெடுமா?

கெடலாம். மாத்திரை கரைந்ததும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பல் தேய்க்கலாம்.

இரவில் கொஞ்சம் குடிக்கலாமா?

கூடாது. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும்.

எங்கே கிடைக்கும்?

சாதாரண மருந்துக் கடையில் கிடைக்காது, போதை மீட்பு மையங்கள் வழியாகத்தான். போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் இலவசம். 14446க்கு அழைத்தால் பக்கத்து மையத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.