31 வயது மகனுக்கு நான் லீவு சொல்கிறேன்

மதிப்பிற்குரிய மேடத்துக்கு,

நாமக்கல் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். வயது 58. கணவர் இறந்தபிறகு குடும்ப ஓய்வூதியத்தில்தான் வீடு ஓடுகிறது. மகனுக்கு 31. இன்ஜினியரிங் முடித்தவன், எந்த வேலையிலும் நிலைப்பதில்லை. மேனேஜர் சரியில்லை, ஷிப்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதாவது காரணம் சொல்வான். பைக் தவணைக்கு மெசேஜ் வந்தால், நான் காய் நறுக்கும் இடத்தில் போனை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவான். நான் கட்டிவிடுவேன். போன மாதம் ஒருநாள் எழுந்திருக்கவே இல்லை. நானே சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் காய்ச்சல் என்றேன்.

கேட்டால், "அப்பா இந்தப் படிப்பில் தள்ளிவிட்டார், அதனால்தான் இப்படி ஆனேன்" என்கிறான். மேலே பேசினால், "நான் செத்துப்போறேன்" என்கிறான். என் வாய் அடைத்துவிடுகிறது. கல்யாணம் பண்ணி வைத்தால் பொறுப்பு வந்துவிடும் என்கிறார் என் அண்ணன். பெண் பார்க்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள அம்மா,

இப்போது பெண் பார்க்க வேண்டாம். நீங்கள் சுமப்பதை இன்னொரு வீட்டுப் பெண் சுமப்பாள், அவ்வளவுதான் நடக்கும். கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்ற இந்தப் பேச்சின்மேல் எனக்குக் கோபமே உண்டு.

அப்பா தள்ளிவிட்டார் என்பது உண்மையாகவே இருக்கலாம். அதை மறுத்து வாதாடாதீர்கள், அந்த வருத்தம் உங்கள் மகனுடையது. ஆனால் இந்த மாதத் தவணைக்கு அது பதில் ஆகாது.

1967இல் அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மேனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். தப்பவே முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பல, பிறகு தப்ப வழி கிடைத்தும் முயலாமல் கிடந்தன. முடங்கிப்போவது கற்றுக்கொண்ட பழக்கம் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2016இல் அதே இருவரும், மூளை ஆய்வுகளை வைத்து அதைத் திருத்தினார்கள். நீடித்த துன்பத்தில் முடங்குவது தானாகவே வருகிறது, 'நான் செய்தால் மாறும்' என்பதைத்தான் அனுபவத்தில் கற்க வேண்டியிருக்கிறது என்றார்கள். உங்கள் மகனுக்கு அந்த அனுபவம் கிடைக்கவே இல்லை. தவணை தவறினால் என்ன ஆகும், தானே பேசினால் சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்று அவர் பார்த்ததில்லை. அதற்குள் நீங்கள் பாசத்தோடு நடுவில் வந்துவிடுகிறீர்கள்.

முதலில் அவரை ஒரு மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். எழுந்திருக்க முடியாததும், எதிலும் நிலைக்காததும் மனச்சோர்வாக இருக்கலாம். அப்படியிருந்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோய், சோம்பேறித்தனம் என்று திட்டக் கூடாது. "செத்துப்போறேன்" என்பதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள், பயந்து பணத்தையும் எடுத்து நீட்டாதீர்கள். "நிஜமாகவே அப்படித் தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தோன்றுகிறது என்றால் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசுங்கள்.

டாக்டரிடம் வரமாட்டேன் என்றாலும் வழி இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய ஒரு முறையில், பயிற்சி தரப்படுவது அம்மா அப்பாவுக்கு மட்டும்தான். பதற்றக் கோளாறு உள்ள சிறுவர்களிடம் அது நல்ல பலன் தந்தது. வீட்டோடு முடங்கிய பெரிய பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதே வழியைச் சொல்லித்தருகிறார்கள். பிள்ளையை மாற்றப் பாடுபடாமல், தாங்கள் செய்வதைப் பெற்றோர் மாற்றிக்கொள்வதுதான் அந்த முறை.

வீடு அமைதியாக இருக்கும் ஒருநாள், ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: "கண்ணு, உனக்கு இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உன்னால் சமாளிக்க முடியும் என்றும் நம்புகிறேன். இனிமேல் உன் ஆபீசுக்கு நான் பேச மாட்டேன்." இவ்வளவு போதும், பழைய கணக்கு எதுவும் வேண்டாம். சாப்பாடும் பாசமும் எப்போதும்போல இருக்கட்டும். கொஞ்ச நாள் கோபம் அதிகமாகும், கதவு அடித்துச் சாத்தப்படும். அப்போது தனியாக இருக்காதீர்கள். அண்ணனை வந்து கூடத் தங்கச் சொல்லுங்கள். தாய்மாமன் புத்தி சொல்ல வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும்.

தவணை விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். பைக் கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தால் பேங்க் உங்களிடமும் கேட்கும். முதலில் அந்தக் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். கையெழுத்து இல்லையென்றால், இனி தவணை கட்ட மாட்டேன் என்பதையும் அடுத்த தாளில் எழுதுங்கள்.