தமிழ்ச் சொல் விளையாட்டு செய்ய யூனிட்டியா, கோடாட்டா?

கேள்வி: கடலூர் முதுநகரில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். கலைந்து கிடக்கும் எழுத்துகளைச் சேர்த்து மீன் பெயரைக் கண்டுபிடிக்கும் ஆண்ட்ராய்டு விளையாட்டு ஒன்றை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்ய ஆசை. 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் இருக்கிறது, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பைத்தான் கொஞ்சம் தெரியும். விளையாட்டு செய்யும் மென்பொருளான (கேம் என்ஜின்) யூனிட்டியைப் படிக்க எல்லோரும் சொல்கிறார்கள். அதுதான் சரியா?

பதில்: உங்கள் விளையாட்டுக்கு கோடாட் 4 என்ற என்ஜினை எடுங்கள். முதல் காரணம் தமிழ் எழுத்து. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கணினியில் மெய்க்குப் பின்னால் பதிவாகி, திரையில் அதற்கு முன்னால் வர வேண்டியவை. இந்த இடமாற்றத்தைச் செய்யும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பு கோடாட் 4-இல் உள்ளேயே இருக்கிறது. யூனிட்டியில் எழுத்தைத் திரையில் காட்டப் பெரும்பாலோர் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ இதைச் செய்வதில்லை. ‘நெத்திலி’ என்று கொடுத்தால் கொம்பு ந-வுக்குப் பின்னால் போய் நிற்கும். கொம்பை முன்னால் பதியும் பழைய எழுத்துரு முறைக்கு மாற்றி ஒட்டுப்போடலாம்தான். ஆனால் விடை சரியா என்று ஒப்பிடும் இடத்தில் அது உங்களைப் படுத்தி எடுக்கும். பிள்ளைகள் எழுத்துக் கற்கும் விளையாட்டில் ஒரு கொம்பு இடம் மாறுவதைக்கூட ஏற்க முடியாது.

கோடாட் 3-இலும் இந்த வசதி இல்லை. பழைய யூடியூப் பாடம் பார்த்து அதை இறக்கிவிடாதீர்கள்.

இரண்டாவது, உங்கள் லேப்டாப். யூனிட்டியும் 8 ஜிபியில் ஓடும். ஆனால் ஆண்ட்ராய்டு பகுதியோடு சேர்த்துப் பல ஜிபி இடம் பிடிக்கும், ஒவ்வொரு பில்டுக்கும் (செயலியாகக் கட்டுவதற்கும்) காத்திருக்க வேண்டிவரும். கோடாட் எடிட்டர் மிகச் சிறியது. அதன் ஜிடிஸ்கிரிப்ட் மொழி பைத்தான் தெரிந்தவருக்குச் சீக்கிரம் பழகிவிடும். அன்ரியல் என்ற இன்னொரு என்ஜின் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

யூனிட்டி கைகொடுக்கும் இடங்களும் உண்டு. கூகுள் தானே தரும் விளம்பர இணைப்பு யூனிட்டிக்கு இருக்கிறது. கோடாட்டில் தன்னார்வலர்கள் எழுதிய இணைப்புகளை நம்ப வேண்டும். கேம் கம்பெனி வேலைக்குப் போக நினைக்கும் மாணவர் என்றால் யூனிட்டியும் அதன் சி ஷார்ப் மொழியும் படிக்கச் சொல்வேன். ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டாதவரை யூனிட்டியின் பெர்சனல் பதிப்பு இலவசம். கோடாட்டுக்கு எம்ஐடி என்ற திறந்த உரிமம் என்பதால் எந்த வரம்பும் இல்லை.

இறக்கும்போது டாட்நெட் (சி ஷார்ப்புக்கானது) இல்லாத சாதாரணப் பதிப்பை எடுங்கள். புது புராஜெக்டில் ரெண்டரராக (திரையில் படத்தை வரையும் பகுதி) ‘கம்பாட்டிபிலிட்டி’ தேர்ந்தெடுங்கள்; விலை குறைந்த, பழைய போன்களில் சிக்கல் குறைவு. திரை அளவு 720 × 1280, திரைக்கேற்ப நீட்டும் ஸ்ட்ரெச் மோடு ‘கேன்வாஸ் ஐட்டம்ஸ்’. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் புராஜெக்டுக்குள்ளேயே வையுங்கள். வைக்காவிட்டால் அந்தந்தப் போனில் உள்ள எழுத்துரு வந்து, கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே வழியக்கூடும்.

போனில் ஏற்ற ஜேடிகே 17 (ஜாவா கருவித்தொகுப்பு), ஆண்ட்ராய்டு எஸ்டிகே (ஆண்ட்ராய்டு கருவித்தொகுப்பு), செயலியாக வெளியெடுக்க கோடாட்டின் எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் மூன்றும் வேண்டும். புராஜெக்ட் செட்டிங்ஸில் ‘இடிசி2 ஏஎஸ்டிசி’ (படங்களைச் சுருக்கும் முறை) இறக்குமதியை இயக்க மறந்தால் எக்ஸ்போர்ட் சிவப்பு எழுத்தில் மறுத்துவிடும். போனில் பில்டு நம்பரை 7 முறை தட்டி, லேப்டாப்பிலிருந்து நேரடியாக ஏற்ற யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்குங்கள். விளையாட்டைத் தொடங்குமுன் ஒரே ஒரு திரையில் நெத்திலி, கெளுத்தி, கோலா, வௌவால் என்று நான்கு பெயர்களைப் போட்டு, பிள்ளைகள் வீட்டில் இருக்கும் போனிலேயே பாருங்கள். எந்த என்ஜின் எடுத்தாலும் இந்தச் சோதனைதான் முதல் வேலை.

அடுத்த பொறி எழுத்து எண்ணிக்கை. ‘நெத்திலி’க்கு நிரலில் லென்த் (சொல்லின் நீளம்) கேட்டால் 8 என்று வரும், நமக்கோ நெ, த், தி, லி என 4. குறிகளும் புள்ளியும் தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதுதான் காரணம். அப்படியே பிரித்துக் கலைத்தால் ஒரு கட்டத்தில் வெறும் கொம்பு மட்டும் வந்து உட்காரும். சொல்லை இடமிருந்து வலமாகப் படித்து, குறியோ புள்ளியோ வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை முதலிலேயே எழுதுங்கள். கலைப்பது, ஒப்பிடுவது எல்லாம் அதன் வழியாகவே நடக்கட்டும்.

பிளே ஸ்டோர் கணக்குக்கு ஒருமுறை 25 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கும் தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் குளோஸ்டு டெஸ்டில் (நீங்கள் சேர்த்தவர் மட்டும் சோதிப்பது) இருக்க வேண்டும். நடுவில் ஆள் குறைந்தால் நாள் கணக்கு கெடும். அதனால் 15, 16 பேரைச் சேருங்கள். ஏற்ற வேண்டியது ஏஏபி என்ற வடிவத்துக் கோப்பு. அதற்கு எக்ஸ்போர்ட் அமைப்பில் கிரேடில் (செயலி கட்டும் கருவி) பில்டை இயக்க வேண்டும். பேக்கேஜ் பெயர் (செயலியின் அடையாளப் பெயர்) ‘காம் டாட் எக்ஸாம்பிள்’ என்றே இருந்தால் கூகுள் ஏற்காது, ஒருமுறை ஏற்றிய பெயரைப் பிறகு மாற்றவும் முடியாது. கீஸ்டோர் கோப்பையும் (செயலியில் கையொப்பமிடும் சாவி) கடவுச்சொல்லையும் லேப்டாப்புக்கு வெளியே இன்னோர் இடத்தில் சேமியுங்கள். விளம்பரம் வேண்டாம் என்பது என் கருத்து. குழந்தைகள் செயலி என்றால் கூகுளின் குழந்தைகள் விதிக்கு இணங்குவதாகத் தாமே சான்றளித்த விளம்பர இணைப்புகள் மட்டுமே அனுமதி. கோடாட்டில் அந்தப் பாட்டை வேறு நீங்கள் படவேண்டாம்.

ஐபோனுக்கு மேக் கணினியும் ஆண்டுக்கு 99 டாலரும் தேவை. இப்போதைக்கு அதைத் தள்ளி வையுங்கள்.