ஹீத்ரோவில் நிற்கும் கான்கார்டை எங்கள் அருங்காட்சியகத்துக்குக் கேட்கலாமா?

கேள்வி: மேற்கு லண்டனுக்கு வெளியே, ஒரு சிறிய ஊரின் தொழில் வரலாற்று அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். ஊருக்குப் போய்த் திரும்பி ஹீத்ரோவில் இறங்கும்போதெல்லாம் ஒலியை மிஞ்சிப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டு ஒன்று மழையிலும் வெயிலிலும் நிற்பதைப் பார்க்கிறேன். எங்களிடம் இரண்டு ஏக்கர் நிலம் சும்மா கிடக்கிறது. 15,000 பவுண்டு முன்பணம் கட்டினால் அந்த விமானத்தை எங்கள் பெயருக்கு ஒதுக்கி வாங்கித் தருவதாக ஓர் ஏற்பாட்டாளர் சொல்கிறார். விமானம் இலவசமாம், கொண்டுவரும் செலவு மட்டும்தான் எங்களுடையதாம், கூரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். குழுவில் பாதிப் பேர் சம்மதித்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதைப் படிக்கப் பொறுமையில்லாத உறுப்பினர்களுக்கு இந்த ஒரு வரியையாவது வாசித்துக் காட்டிவிடுங்கள்.

நீங்கள் பார்க்கும் விமானத்தின் பதிவெண் ஜி-பிஓஏபி. கடைசி இரண்டு எழுத்துகளை வைத்து 'ஆல்ஃபா பிராவோ' என்பார்கள். அதன் உரிமையாளர் பிரிட்டிஷ் ஏர்வேஸ். 2003 அக்டோபர் 24 அன்று அந்த நிறுவனம் கான்கார்டு சேவையை முடித்துக்கொண்டபோது அதன் கையில் ஏழு விமானங்கள் இருந்தன. ஆறுக்கு இடம் கிடைத்தது: மான்செஸ்டர், ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் ஃபார்ச்சூன், பிரிஸ்டலை ஒட்டிய ஃபில்டன், நியூயார்க், சியாட்டில், பார்படோஸ். ஏழாவது விமானம் ஹீத்ரோவிலேயே தங்கிவிட்டது. இவற்றில் எதையும் நிறுவனம் விற்கவில்லை. காட்சிக்கு வைத்துக்கொள்ளத் தந்தது, உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. போட்டி விமான நிறுவனமான வர்ஜின் அட்லாண்டிக்கின் ரிச்சர்ட் பிரான்சன் விமானத்துக்கு ஒரு பவுண்டு என்று ஆரம்பித்து மில்லியன் கணக்குக்கு ஏற்றிக்கொண்டே போனார். அவருக்கே கிடைக்கவில்லை. உங்கள் ஏற்பாட்டாளருக்குக் கிடைக்குமா?

வரிசை எண் போட்டு விமானம் ஒதுக்கும் அலுவலகம் என்று எதுவும் கிடையாது. எனவே 'ஒதுக்கித் தருகிறேன்' என்ற பேச்சுக்கு அர்த்தமே இல்லை. இந்த ஆட்கள் வேலை செய்யும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் ஒரு கடிதம் காட்டுவார்கள். மேலே பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். கீழே படித்தால் 'உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது, நன்றி' என்பதைத் தாண்டி ஒன்றும் இருக்காது. அடுத்து வருவது சாத்தியக்கூறு அறிக்கை. பாதிப் பக்கங்கள் படங்கள், மீதி ஆண்டுக்கு எத்தனை பார்வையாளர்கள் வருவார்கள் என்ற கற்பனை. அதற்குத் தனிக் கட்டணம். பிறகு, 'இன்னொரு ஊர் முந்திக்கொள்ளப் பார்க்கிறது' என்று ஒரு தொலைபேசி அழைப்பு. அது வெள்ளிக்கிழமை மாலையில்தான் வரும், ஏனென்றால் திங்கள் காலை வரை யாரையும் கேட்டுச் சரிபார்க்க முடியாது. அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: விமானத்தின் உரிமையாளர் உங்களைத் தன் சார்பில் பேச நியமித்த கடிதம் எங்கே? அது இல்லாமல் அவர் காட்டும் எந்தத் தாளும் குப்பை.

இனி 'கொண்டுவரும் செலவு மட்டும்தான்' என்பதற்கு வருவோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காய் இலவசம், அதனால் கணக்கு இன்னும் மோசம்.

ஆல்ஃபா பிராவோ பறந்து வர முடியாது. 2000 ஜூலையில் பாரிஸ் அருகே ஏர் பிரான்சின் கான்கார்டு எரிந்து விழுந்து 113 பேர் இறந்தார்கள் அல்லவா? அதன் பிறகு எரிபொருள் தொட்டிகளுக்குள் கெவ்லார் என்ற வலுவான இழையால் உறை போட்டு, புதுவகை டயர்கள் மாட்டி, 2001 நவம்பரில் சேவையை மறுபடி தொடங்கினார்கள். எல்லா விமானங்களுக்கும் அந்த மாற்றத்தைச் செய்யவில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸின் இரண்டு விமானங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒன்று ஆல்ஃபா பிராவோ; அது கடைசியாகப் பறந்தது 2000 ஆகஸ்ட் 15-இல். மற்றொன்று ஆல்ஃபா ஆல்ஃபா, இப்போது ஈஸ்ட் ஃபார்ச்சூனில் இருப்பது.

பறக்க முடிந்த விமானத்துக்கு வீடு தேடுவது எளிது. சியாட்டிலுக்குப் போனது நியூயார்க்கிலிருந்து நாலு மணி நேரத்துக்குள், வடக்குக் கனடாவுக்கு மேலே ஒலியை மிஞ்சிப் பறக்கத் தனி அனுமதி வாங்கிக்கொண்டு, அருங்காட்சியகத்தை ஒட்டிய ஓடுபாதையிலேயே இறங்கியது. ஆல்ஃபா ஆல்ஃபாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஹீத்ரோவில் இறக்கைகளையும் வாலையும் பிரித்தெடுத்தார்கள். 2004 ஏப்ரலில் மிதவையில் ஏற்றித் தேம்ஸ் நதி வழியாக, நாடாளுமன்றத்தைத் தாண்டி, கடலோரமாக ஸ்காட்லாந்து வரை கொண்டுபோனார்கள். கரையிலிருந்து அருங்காட்சியகம் வரை தரைவழி, அதில் ஒரு பகுதிக்கு ராணுவப் பொறியாளர்களின் உதவி. இத்தனையும் ஒரு தேசிய அருங்காட்சியகம் செய்தது.

'இறக்கையைக் கழற்றி மாட்டினால் போயிற்று' என்பார் உங்கள் ஆள். கான்கார்டின் இறக்கை அப்படிப்பட்டதல்ல. நடு உடலும் இறக்கையும் ஒன்றாகவே, துண்டு துண்டாகக் கட்டி இணைக்கப்பட்டவை. பிரிப்பதென்றால் அறுக்க வேண்டும். அறுத்ததைத் திரும்பச் சேர்க்க, பொருட்காட்சிக்காக மட்டும் என்றாலும், விமானத் தகட்டு வேலை தெரிந்தவர்கள் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். சாலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விமானத்தின் நீளம் சுமார் 62 மீட்டர். இங்கிலாந்தில் 30 மீட்டர் நீளத்தையோ 6.1 மீட்டர் அகலத்தையோ தாண்டும் சுமைக்குச் சிறப்பு ஆணை வேண்டும். அதுவும் போதாதென்று வழியிலுள்ள ஒவ்வொரு காவல் துறைக்கும், ஒவ்வொரு சாலை அதிகார அமைப்புக்கும், ஒவ்வொரு பாலத்தின் சொந்தக்காரருக்கும் அறிவிப்பு போக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது வேறு: 'கூரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.' நிலம் உங்களுக்குப் போதும். இரண்டு ஏக்கர் தாராளம். உங்களுக்கு இல்லாதது, 65 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் வால் நுனியை விட உயரமும் (வால் 12 மீட்டர்) உள்ள ஒரு மூடிய கூடம். அது இல்லாவிட்டால் விமானத்தைக் கேட்கவே கேட்காதீர்கள்.

ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கான்கார்டு வானத்தில் மிகச் சூடாகும், அந்தச் சூட்டில் அதன் ஈரமெல்லாம் காய்ந்துவிடும். தரையில் நிற்கும்போது அந்த வசதி இல்லை. இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகைகளும் வாலின் சுக்கானும் உள்ளே தேன்கூட்டு அமைப்பு கொண்டவை. ஒரு சின்ன விரிசல் வழியாகத் தண்ணீர் புகுந்தால் வெளியே வர வழியில்லை. குளிர்காலத்தில் உறையும், விரியும், உட்புறத்தைப் பிளக்கும். வெளியே பார்த்தால் பளபளப்பான வெள்ளை வண்ணம்தான் தெரியும்.

ஏர் பிரான்சின் ஒரு கான்கார்டு 1982-இல் சேவையிலிருந்து விலக்கப்பட்டு பாரிஸ் விமான நிலையத்தில் வெளியிலேயே நின்றது. பாகங்களைக் கழற்றிக்கொண்டார்கள், மீதி அரித்துப் போனது, 1994-இல் உடைத்துப் போட்டார்கள். நியூயார்க்கில் ஹட்சன் நதியோரம் நிற்பதை 2023-இல் மிதவையில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், பழைய வண்ணத்தைச் சுரண்டி, புதிதாகப் பூசி, 2024 மார்ச்சில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். உப்புக் காற்று இருபது ஆண்டுகளில் செய்த வேலை அது. ஃபில்டனை எடுத்துக்கொள்ளுங்கள்: பிரிட்டிஷ் கான்கார்டுகள் கட்டப்பட்ட ஊர், கடைசியாகக் கட்டப்பட்ட விமானம், 2003 நவம்பர் 26-இல் கடைசியாகப் பறந்து வந்து இறங்கியதும் அதுதான். அப்படிப்பட்ட விமானத்துக்கே கூரை கிடைக்க 2017 ஆனது. அந்த அருங்காட்சியகத் திட்டத்தின் செலவு 19 மில்லியன் பவுண்டு. உங்கள் ஏற்பாட்டாளரின் அறிக்கையில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெர்மனியின் சின்ஸ்ஹைமில் கான்கார்டையும் அதைப் போலவே ஒலியை மிஞ்சிப் பறந்த ரஷ்யாவின் டியூ-144-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் கூரைக்கு மேலேயே நிறுத்தியிருக்கிறார்களே என்று யாராவது கேட்பார். அவர்கள் கூரைக்குக் கீழே ஒரு பெரிய அருங்காட்சியகத்தை நடத்திச் சம்பாதிக்கிறார்கள். விட்டுத்தள்ளுங்கள். பிரெஞ்சு விமானங்களின் கதையும் இங்கே வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் குழுவில் யாராவது நிச்சயம் அதை எடுத்துப் போடுவார். சர்ரேயில் வேபிரிட்ஜ் ஊரின் புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகம். அங்கே நிற்கும் கான்கார்டு ஜி-பிபிடிஜி, 'டெல்டா கோல்ஃப்.' அது தேசிய அருங்காட்சியகமல்ல. அங்கே ஓடுபாதையில் இறக்கவில்லை, துண்டுகளாகச் சாலையில் கொண்டுவந்தார்கள். விமானம் இன்றும் வெளியில்தான் நிற்கிறது. நான் சொன்ன எல்லாவற்றையும் மீறியிருக்கிறது, இல்லையா? அப்படியிருந்தும் நடந்தது. எப்படி நடந்தது என்று பாருங்கள். டெல்டா கோல்ஃப் 1974-இல் முதலில் பறந்த சோதனை விமானம். கட்டணம் கொடுத்த பயணி ஒருவரையும் அது ஏற்றியதில்லை. 1984-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதை உதிரி பாகங்களுக்காகவே வாங்கியது. பல ஆண்டுகள் ஃபில்டனில் ஒரு கூடத்துக்குள் நின்று, தங்கைகளுக்குப் பாகம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஏற்கெனவே பாதி பிரிக்கப்பட்ட விமானம், அறுப்பதற்கு யாரும் அழவில்லை. மேலும் கான்கார்டின் மூக்கு முதல் வால் வரை பல பகுதிகள் உருவானது வேபிரிட்ஜ் தொழிற்சாலையில்தான். அந்தத் தகடுகளை இருபத்தைந்து வயதில் அடித்துப் பொருத்தியவர்கள் ஓய்வுபெற்று அதே வட்டாரத்தில் வீடு வாங்கிக் குடியிருந்தார்கள். 2004-இல் துண்டுகள் வந்து சேர்ந்தபோது அவர்களும் அவர்களைப் போன்றவர்களும் சம்பளமில்லாமல் வந்து நின்றார்கள். 2006-இல்தான் பார்வையாளர்கள் ஏற முடிந்தது. அங்கே ஏற்கெனவே விக்கர்ஸ் நிறுவனம் கட்டிய விமானங்களின் பெரிய தொகுப்பும் அவற்றைப் பராமரிக்கப் பழகிய கைகளும் இருந்தன. பிறகு விமானிகளுக்குப் பயிற்சி தந்த கான்கார்டு சிமுலேட்டரையும் கொண்டுவந்து இயங்க வைத்தார்கள். உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற கான்கார்டு தகட்டுத் தொழிலாளிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதற்குப் பதில் தெரிந்தால் விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதும் தெரிந்துவிடும்.

'மறுபடி பறக்க வைப்போம்' என்று நன்கொடை கேட்கும் ஆட்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். வடிவமைப்புக்குப் பொறுப்பான ஏர்பஸ் 2003-இலேயே பராமரிப்பு ஆதரவை நிறுத்திவிட்டது. அந்த ஆதரவு இல்லாமல் எந்த அதிகாரியும் சான்று தரமாட்டார். ஓய்வுபெற்ற வல்கன் குண்டுவீச்சு விமானம் ஒன்று 2007 முதல் 2015 வரை பறந்ததை உதாரணம் காட்டுவார்கள். அது ஏன் நின்றது என்று சொல்லமாட்டார்கள்: தொழில்நுட்ப ஆதரவு தந்த நிறுவனங்கள் விலகிக்கொண்டன.

நிதி விஷயத்தில் ஒரு கசப்பு. இந்த நாட்டில் புதிய கட்டடத்துக்கு, புதிய காட்சிப் பொருளுக்கு, புதிய 'அனுபவத்துக்கு' மானியம் கேட்கலாம். வருடாவருடம் வண்ணம் பூசவும் வடிகால் துளைகளைச் சுத்தம் செய்யவும் பறவைக் கூடுகளை அகற்றவும் பணம் தர யாரும் இல்லை. திறப்பு விழாவில் நாடா வெட்டப் பத்துப் பேர் வருவார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டால் ஒருவரும் வரமாட்டார். விமானங்களைக் கொல்வது அந்தப் பழக்கம்தான்.

உங்கள் அருங்காட்சியகம் கான்கார்டைப் பற்றி ஏதாவது வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்கு விமானமே தேவையில்லை. அதன் ஒலிம்பஸ் 593 இன்ஜின் சுமார் நாலு மீட்டர் நீளம், மூன்று டன்னுக்குச் சற்று மேல். உங்கள் தற்போதைய கூடத்தின் தளம் தாங்குமா என்று ஒரு கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொன்னால் போதும். பிரிட்டிஷ் ஏர்வேஸின் பாரம்பரியத் தொகுப்புப் பிரிவுக்கும், ஏற்கெனவே கான்கார்டு வைத்திருக்கும் அருங்காட்சியகங்களுக்கும் நேரடியாகக் கடிதம் எழுதி, இன்ஜினோ சிறு பாகங்களோ கடனாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கூடத்தின் அளவு, ஈரப்பதக் கட்டுப்பாடு, காப்பீடு, யார் பராமரிப்பார் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். கான்கார்டின் பெருமையை அவர்களுக்கு விளக்க வேண்டாம். ஏலத்தில் வாங்கப் போனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஆவணச் சங்கிலி, அதாவது அது யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதற்கான தாள்கள், கேளுங்கள். 2003-இன் இறுதியில் பாரிஸிலும் லண்டனிலும் நடந்த பெரிய ஏலங்களில் போனவற்றுக்குத் தாள்கள் உண்டு. தாள் இல்லாமல் வரும் கான்கார்டு இருக்கை வேறு எந்த விமானத்தின் இருக்கையாகவும் இருக்கலாம்.

ஏற்பாட்டாளருக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. சம்மதித்த அந்தப் பாதிப் பேரில் யாராவது எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்பதை மட்டும் இன்றைக்கே விசாரியுங்கள். போட்டிருந்தால் அந்தத் தாளின் நகலை வாங்கி, அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்காமல் ஒரு சொலிசிட்டரிடம் காட்டுங்கள்.