கற்றல் குறைபாடு உள்ள மகளுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தரத் தனியார் பள்ளி மறுக்கலாமா?

மறுக்கக் கூடாது. மகள் ஆறாம் வகுப்பு, டிஸ்லெக்சியா (எழுத்துகளைப் படிப்பதில் சிக்கல்) சான்றிதழ் கையில் இருக்கிறது, பள்ளியோ "பொதுத்தேர்வு வரட்டும், பார்க்கலாம்" என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல்வர் அறையை விட்டு வெளியே வந்து அழுதிருப்பீர்கள். நான் அழுதேன்.

என் மகனுக்கு டிஸ்கிராஃபியா, அதாவது கையால் எழுதுவதில் சிக்கல். ஒளிச்சேர்க்கை பற்றிக் கேட்டால் பத்து நிமிடம் மூச்சுவிடாமல் சொல்வான். தாளில் மூன்று வரி எழுதுவதற்குள் விரல்கள் இறுகி, மணி அடித்துவிடும். ஏழாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் அறிவியலில் 22 மதிப்பெண். கூடுதல் நேரம் கேட்கப் போனேன். "கண் தெரியாத, காது கேளாத பிள்ளைகளுக்குத்தானம்மா அதெல்லாம். இவனுக்குக் கையும் காலும் நன்றாகத்தானே இருக்கின்றன?" என்றார் முதல்வர், அவனை வைத்துக்கொண்டே.

அவர் சொன்னது பழைய கணக்கு. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடும் அதில் உண்டு. டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா என்று பெயர் சொல்லியே இருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை 17ஆம் பிரிவு பேசுகிறது. "அது அரசுக்குச் சொன்ன கடமை, பள்ளிக்கு அல்ல" என்று வழக்கறிஞர் யாராவது திருத்த வரலாம். தெரியும். அதனால்தான் பள்ளிக்குத் தரும் கடிதத்தில் 16ஆம் பிரிவையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் தொடும் பிரிவு அது. மாணவரின் தேவைக்கேற்ற வசதியைச் செய்து தர வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிய வேண்டும் என்கிறது.

அடுத்த முறை போனபோது, "சான்றிதழில் 40 சதவீதம் இல்லையே" என்றார்கள். எழுதுபவரை வைத்துக்கொள்ள 40 சதவீதக் குறைபாடு கட்டாயமில்லை என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஓர் இளைஞர் தொடுத்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

ஆசிரியர்களை வசைபாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மகனின் சிக்கலை முதலில் கண்டு சொன்னதே ஓர் ஆசிரியைதான். அவருக்கு இருந்த கண் எங்கள் உறவினர்களுக்கு இல்லை. "அம்மா வேலைக்குப் போனால் பிள்ளை இப்படித்தான்" என்று ஒரு கல்யாண வீட்டில் என் நாத்தனார் பலர் முன்னால் சொன்னார். என் கணவர் என்னைவிடத் தாமதமாகத்தான் வீடு திரும்புகிறார். அவரை ஒருவரும் ஒரு சொல் கேட்டதில்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேரில் கெஞ்சியவரை எதுவும் நடக்கவில்லை. பிரிவுகளைக் குறிப்பிட்டு, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டு, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு நகல் என்று அடியில் போட்டுக் கடிதம் கொடுத்த நான்காம் நாள் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். அரையாண்டுத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது.

கடிதத்தை "வைத்துவிட்டுப் போங்கள்" என்பார்கள். வைத்துவிட்டு வராதீர்கள். உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் விழும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருங்கள். நான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.