அர்பானா–ஷாம்பெய்னுக்குப் படிக்க வரும் தம்பிக்கு

தம்பி, விருதுநகர் பக்கத்திலிருந்து அமெரிக்காவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு எம்.எஸ். படிக்க இந்த ஆகஸ்டில் வருவதாக எழுதியிருந்தீர்கள். எத்தனை ஸ்வெட்டர் வேண்டும், குக்கர் கொண்டுவரலாமா, பார்ட் டைம் வேலை கிடைக்குமா, நம்ம ஆட்களோடு சேர்ந்து வீடு எடுக்கலாமா, புரொபசர்கள் ரொம்பக் கண்டிப்பா என்று ஐந்து கேள்வி. நான் 1999 ஆகஸ்டில் கோவில்பட்டியிலிருந்து இதே ஊருக்கு இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியவன். அன்றைக்கு நானும் இதே ஐந்தைத்தான் கேட்டேன். நான் யாரிடம் கேட்டேனோ அந்த ஆட்கள்தான் சரியில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

குக்கர் கொண்டுவாருங்கள், கேஸ்கெட் இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டருக்கு ஊரில் காசைப் போடாதீர்கள். ஜனவரியில் இங்கே மைனஸ் 20 வரை இறங்கும், மலையோ மேடோ இல்லாத சமவெளியில் காற்று தடுப்பார் இல்லாமல் வந்து அறையும். அதற்கான கோட்டும் பூட்ஸும் இங்கேதான் கிடைக்கும், அக்டோபரில் வாங்கிக்கொள்ளலாம். சாமான் விஷயம் இவ்வளவுதான், மற்றதெல்லாம் கடையில் இருக்கிறது.

இப்போது வீடு. இதில்தான் புதிதாக வருகிற பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் மாட்டினேன். இந்த ஊரில் வாடகைக் கணக்கு ஆகஸ்ட் நடுவில் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் முடியும். லீஸ் பன்னிரண்டு மாதம். படிப்பு மே மாதமே முடிந்துவிட்டாலும் ஜூன், ஜூலை வாடகை உங்கள் தலையில்தான். நல்ல வீடுகளுக்கு முந்தின வருடத்து இலையுதிர் காலத்திலேயே கையெழுத்தாகிவிடும். அதனால் கடைசி நேரத்தில் வருகிறவர்கள், விமானம் ஏறுவதற்கு முன்பே யாரோ அனுப்புகிற தாளில் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

நாங்கள் நான்கு பேர் ஒரு வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டோம். வாடகை 800 டாலர், ஆளுக்கு 200 என்று கணக்கு. டிசம்பரில் எங்களில் ஒருவன் வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். அவன் பங்கை அவன் கட்டுவான், இல்லையென்றால் வீட்டுக்காரர் அவனிடம் கேட்டுக்கொள்வார் என்று நாங்கள் மூவரும் நிம்மதியாக இருந்தோம். ஜனவரி இரண்டாம் வாரம் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 200 டாலர் பாக்கி. அப்போதுதான் லீஸை எடுத்து முதல் முறையாக முழுதாகப் படித்தோம். நால்வரும் தனித்தனியாகவும் சேர்ந்தும் முழு வாடகைக்கும் பொறுப்பு என்று மூன்றாம் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. அதாவது உங்கள் கையெழுத்து கால் பங்குக்கு இல்லை தம்பி, முழு வீட்டுக்கும். மற்ற மூவரும் ஓடிப்போனாலும் நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆகஸ்ட் வரைக்கும் ஆளுக்கு 267 கட்டினோம். கூடுதலாகப் போன அந்த 67 டாலர் அன்றைக்கு எனக்கு இரண்டு வாரத்து மளிகை.

அதோடு முடியவில்லை. காலி செய்தபோது கார்ப்பெட்டில் கறை என்று டெபாசிட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். ஜன்னலோரம் உள்ளங்கை அகலத்தில் இருந்த அந்தக் காப்பிக் கறை நாங்கள் குடிபோன அன்றே அங்கே இருந்தது. இருந்தது என்று காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. உங்கள் கையில் இப்போது போன் இருக்கிறது. சாவி வாங்கியதும் பெட்டியை இறக்குவதற்கு முன்னால் சுவர், தரை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ஐந்தோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள கட்டடமென்றால், சேதத்துக்காக டெபாசிட்டில் பிடிப்பவர் எதற்கு எவ்வளவு என்று 30 நாளுக்குள் எழுதித்தர வேண்டும் என்பது இல்லினாய் மாநிலச் சட்டம். இன்னொன்றும் கேளுங்கள். மாணவர்களின் லீஸை இலவசமாகப் படித்துப் பார்த்துச் சொல்வதற்கென்றே பல்கலைக்கழகத்தில் அலுவலகம் இருக்கிறது. எங்கள் வகுப்புக்குப் போகும் வழியில்தான் இருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது இதைத்தான். இந்த மாதிரிப் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் உங்களைத் தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். என் காலத்திலேயே 35,000 பேருக்கு மேல் படித்தார்கள், இன்றைக்கு 50,000-ஐத் தாண்டிவிட்டது. நீங்கள் இரண்டு வாரம் வகுப்புக்குப் போகாவிட்டாலும் பல பாடங்களில் ஏன் என்று கேட்க ஆள் இருக்காது. மதிப்பெண் அப்பாவுக்குப் போகாது, அது உங்கள் சொந்த விஷயம். ஆனால் கேட்டால், கேட்டதற்கெல்லாம் இங்கே ஆள் இருக்கிறது. கணக்கு புரியவில்லையா, ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வரவில்லையா, மனசு சரியில்லையா, எல்லாவற்றுக்கும் ஓர் அறையும் ஒரு மனிதரும் உண்டு. கேட்கத்தான் நமக்கு வருவதில்லை. வகுப்பில் வாய் திறக்காதவன் நல்ல பையன் என்று பதினாறு வருடம் பழக்கி அனுப்புகிறார்கள்.

புரொபசர்கள் கண்டிப்பா என்று கேட்டீர்கள். ஒவ்வொருவரும் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் மாணவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார்கள், ஆஃபீஸ் அவர்ஸ் என்று பெயர். நம்ம ஊர்க் கல்லூரியில் ஸ்டாஃப் ரூமுக்குப் போகிறவன் ஒன்று மாட்டிக்கொண்டவனாக இருப்பான், இல்லை கையெழுத்து வாங்கப் போகிறவனாக இருப்பான். அந்தப் பயம் எனக்கு இருந்தது. நான் சிவில். எங்கள் கட்டடத்தின் பெயரே நியூமார்க், இதே துறையில் புரொபசராக இருந்தவரின் பெயர். நில நடுக்கத்தில் கட்டடம் எப்படி ஆடும் என்று கணக்குப் போட 1959-இல் அவர் வெளியிட்ட முறையை பி.இ. படிக்கும்போது புத்தகத்தில் பெயராக மட்டும் பார்த்திருந்தேன். மெக்சிகோ நகரத்து லத்தீனோ அமெரிக்கானா கோபுரத்தின் வடிவமைப்பில் அவருக்குப் பங்கு உண்டு, 1957 நில நடுக்கத்தையும் 1985-ஐயும் தாங்கி நின்ற கோபுரம். அப்பேர்ப்பட்டவர் நடந்த வராந்தாவில் நாம் போய் என்ன கேட்பது என்றுதான் தோன்றியது.

முதல் மிட்டெர்மில் நூற்றுக்கு 41. புதன்கிழமை மூன்று மணிக்கு அந்தப் பாடத்துப் புரொபசரின் அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. கதவைத் தாண்டி வராந்தா முனை வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். இப்படி மூன்று முறை. அப்புறம் வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த புதன்தான் உள்ளே போனேன். நாற்காலியில் குவிந்திருந்த தாள்களை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்காரச் சொன்னார். எந்தக் கணக்கு என்றார், காட்டினேன். இதுவரை என்ன செய்து பார்த்தாய் என்றார். என்னிடம் இருந்தது வெறும் தாள். அவர் கோபப்படவில்லை. தப்பாகவாவது எழுதிக்கொண்டு வா, தப்பு எங்கே என்று இரண்டு பேரும் சேர்ந்து தேடலாம் என்றார். மறு வாரம் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு குறியின் மீது பென்சிலை வைத்து நிறுத்தினார், கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டிருந்தேன். அந்த வருடம் முழுக்க ஒரு புதன் தவறாமல் போனேன். பின்னாளில் எனக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதியவரும் அவர்தான். பெயர் தெரியாத மாணவனுக்கு யாரும் கடிதம் எழுத முடியாதல்லவா.

நம்ம ஆட்களோடு தங்கலாமா என்றால், தாராளமாகத் தங்குங்கள். ரசம் வைக்கத் தெரிந்தவன் ஒருவன் வீட்டில் இருப்பது பிப்ரவரியில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டோடு சேர்த்து ஒரு ஃபோல்டரும் கைமாறும், அதைத் தொடாதீர்கள். சீனியர்கள் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த பழைய அசைன்மென்ட் விடைகள். எல்லாரும் பார்க்கிறார்கள், நீயும் பார் என்று அன்பாகத்தான் தருவார்கள். வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்த என் நண்பன் அப்படி ஒரு புரோகிராமைப் பார்த்து எழுதிக் கொடுத்தான். பாடத்தில் பூஜ்யம், உதவித்தொகை நின்றது, மூன்றாவது மாதம் ஊருக்கு விமானம் ஏறினான். அவன் அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்து அனுப்பியிருந்தார். ஃபோல்டரைக் கொடுத்தவர் வேலைக்குப் போய்க் கார் வாங்கிவிட்டார். இந்த மாதிரி சீனியர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

பார்ட் டைம் வேலையிலும் இதே ஆட்கள்தான் வழிகாட்டுவார்கள். பெட்ரோல் பங்கில் நில், ரெஸ்டாரன்டில் பாத்திரம் கழுவு, கையில் ரொக்கம் தருவார்கள், யாருக்கும் தெரியாது என்பார்கள். மாணவர் விசாவில் படிப்பு நடக்கும்போது, தனி அனுமதி இல்லையென்றால் வளாகத்துக்குள் மட்டும், வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். வெளியே ஒரு நாள் ரொக்கத்துக்கு நின்றாலும் உங்கள் விசா அந்தஸ்து போய்விடும், பின்னால் எந்த விண்ணப்பத்திலும் அது எழுந்து நிற்கும். டைனிங் ஹாலில் தட்டு அடுக்குங்கள், நூலகத்தில் புத்தகம் அடுக்குங்கள், நான் இரண்டும் செய்தேன், பெருமையாகவே சொல்கிறேன். வந்த நாளிலிருந்தே ஆராய்ச்சி உதவியாளர், பாட உதவியாளர் வேலைகளுக்கு உங்கள் துறையைத் தாண்டியும் விசாரியுங்கள். கால் நேர வேலை கிடைத்தால்கூடப் பல படிப்புகளில் கல்விக்கட்டணம் தள்ளுபடி. தொழில்முறை எம்.எஸ். சிலவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது, உங்களுடையது எந்த வகை என்று ஊரிலிருந்தே மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

என் மகள் இப்போது அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. போன வருடம் ஃபோலிங்கர் அரங்கில் நூற்றுக்கணக்கானவர்களோடு உட்கார்ந்து பாடம் கேட்டாள். முதல் வாரமே புரொபசரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சும்மா அறிமுகம் செய்துகொண்டேன் அப்பா என்றாள். அந்த வராந்தாவில் நான் நடந்த நடை நினைவுக்கு வந்தது.

அவளை விடுதியில் விட்டுவிட்டு நான் மாரோ பிளாட்ஸ் பக்கம் போய் நின்றேன். வளாகத்தின் நடுவே ஒரு மக்காச்சோளக் கொல்லை, 1876-இலிருந்து அதே இடத்தில் ஆராய்ச்சிக்காகப் பயிரிட்டு வருகிறார்கள். சோளத்தின் மேல் நிழல் விழக்கூடாது என்று பக்கத்து நூலகத்தையே 1969-இல் பூமிக்கு அடியில் கட்டினார்கள். நீங்களும் கரிசல்காட்டுப் பிள்ளை, வந்ததும் பாருங்கள். மண் கறுப்பாக இருக்கும். 1999-இல் சிகாகோவிலிருந்து பஸ்ஸில் வந்தபோது இரண்டரை மணி நேரமும் ஜன்னலில் சோளம்தான், வரப்போரம் உழுது கிடந்த இடங்களில் நம்ம ஊர் மண்ணைப் போலவே கன்னங்கரேலென்று கிடந்தது. அந்த ராத்திரி காலிங் கார்டு வாங்கி அம்மாவைக் கூப்பிட்டேன். மெத்தை இல்லாமல் தரையில் படுத்திருக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை. ஊர் எப்படி இருக்கு என்று கேட்டாள்.

கரிசல்தாம்மா, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் கரிசல் என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், மழை உண்டுமா அங்க என்றாள்.